251 பதக்கம், மூன்றாம் இடம்

நேபாளத்தில் 2019 டிசம்பரில் நடந்த 13ஆவது தெற்காசிய விளையாட்டு விழாவின் பதக்கப்பட்டியலை இன்னும் தொலைபேசியில் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இந்தியா 312 பதக்கங்களோடு முதலிடம். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அதற்குக் கீழே உள்ள இரண்டு வரிகள்தான் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பிவிட்டன. நேபாளம்: 51 தங்கம், 60 வெள்ளி, 95 வெண்கலம், மொத்தம் 206. இலங்கை: 40 தங்கம், 83 வெள்ளி, 128 வெண்கலம், மொத்தம் 251. இரண்டாமிடம் நேபாளத்துக்கு, மூன்றாமிடம் எங்களுக்கு.

"மாமா, 251 பெரிசா, 206 பெரிசா? பிறகு எப்பிடி அவங்க ரெண்டாவது?" என்று அக்காவின் மகன் கேட்டான்.

தங்கத்தைத்தான் முதலில் எண்ணுவார்கள், தங்கம் சமமாக இருந்தால்தான் வெள்ளியைப் பார்ப்பார்கள், அதுவும் சமமென்றால்தான் வெண்கலம் என்று விளக்கினேன். அவனுக்கு மனம் ஆறவில்லை. அவனுடைய பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி அப்படியா நடக்கிறது? முதலாமிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு அதைவிடக் குறைய, மூன்றாமிடத்துக்கு இன்னும் குறைய என்று எல்லாவற்றையும் கூட்டித்தானே கிண்ணம் கொடுக்கிறார்கள்! அணிநடைக்கும் இல்ல அலங்காரத்துக்கும் கூடப் புள்ளி உண்டு. மூன்றாவதாக ஓடி வந்த பிள்ளையின் புள்ளியும் கரும்பலகையில் ஏறும். கடைசி அஞ்சலோட்டம் முடிந்து ஆசிரியர் வெண்கட்டியால் கூட்டிப் போடும்வரை எந்த இல்லம் வென்றது என்று தெரியாது.

சரி, அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தங்கத்துக்கு 3, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 என்றால் இலங்கைக்கு 414, நேபாளத்துக்கு 368. தங்கத்துக்கு 5, வெள்ளிக்கு 3, வெண்கலத்துக்கு 1 என்றால் இலங்கைக்கு 577, நேபாளத்துக்கு 530. தங்கத்துக்கு 4, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 என்று வைத்தாலும் 454க்கு 419. இந்த மூன்று விதத்தில் எப்படிக் கூட்டினாலும் இலங்கைதான் இரண்டாவது. கூட்டாமல், தங்கத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும்போதுதான் மூன்றாவது.

அந்த வரிசைப்படுத்தலில் எத்தனை வெள்ளி வாங்கினாலும் ஒரு தங்கத்துக்கு ஈடாகாது. அதே பட்டியலின் அடியில் மாலைதீவையும் பூட்டானையும் பாருங்கள். மாலைதீவுக்கு 1 தங்கம், 4 வெண்கலம். அந்த ஒரு தங்கம் 100 மீற்றர் ஓட்டத்தில் ஹசன் சயீத் வென்றது. பூட்டானுக்குத் தங்கம் இல்லை, ஆனால் 7 வெள்ளியும் 13 வெண்கலமும். 20 பதக்கம் வாங்கிய பூட்டான், 5 பதக்கம் வாங்கிய மாலைதீவுக்குக் கீழே. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் இந்தியாவுக்கும் இதுதான் நடந்தது. ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம், 71ஆவது இடம். அர்ஷத் நதீம் ஒரே ஒரு முறை 92.97 மீற்றர் எறிந்த ஈட்டி, வேறு எந்தப் பதக்கமும் இல்லாத பாகிஸ்தானை 62ஆவது இடத்தில் வைத்தது. நீரஜ் சோப்ரா 89.45 எறிந்து வெள்ளி வாங்கினார். இரண்டு எறிகைக்கும் இடையில் மூன்றரை மீற்றர். ஈட்டி நிலத்தில் குத்திய அந்த இடைவெளிதான் பட்டியலில் ஒன்பது இடமாக விரிந்தது.

இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னேன். ஒலிம்பிக்கில் அதிகாரபூர்வமான நாட்டு வரிசை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒலிம்பிக் சாசனம், போட்டி வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையிலானது, நாடுகளுக்கு இடையிலானது அல்ல என்றே சொல்கிறது. பட்டியலை எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று முடிவுசெய்வது பெரும்பாலும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும்தான். அமெரிக்க ஊடகங்கள் பெரும்பாலும் மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்தும், மற்றவர்கள் தங்கத்தை வைத்து. பெய்ஜிங்கில் 2008இல் சீனாவுக்குத் தங்கம் அதிகம், அமெரிக்காவுக்கு மொத்தம் அதிகம். அவரவர் நாட்டில் அவரவர் முதலிடம்.

பட்டியல் ஒரு நாளில் எழுதி முடிவதும் இல்லை. சிட்னியில் 2000இல் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தபோது நாடு முழுக்கக் கொண்டாடியது. முதலாவதாக வந்த மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டு, சுசந்திகாவின் வெண்கலம் 2009இல்தான் வெள்ளியானது. இலண்டனில் 1948இல் 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைட் வாங்கிய வெள்ளிக்கும் அதற்கும் இடையில் 52 வருடம். ஒலிம்பிக்கில் இலங்கையின் மொத்தக் கணக்கு இந்த இரண்டு வெள்ளியும்தான். (பராலிம்பிக் வேறு கதை. தினேஷ் பிரியந்த டோக்கியோவில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். அதை ஏன் இதே மூச்சில் சொல்வதில்லை என்று எனக்கு எப்போதும் கோபம் வரும்.)

ஆக, நேபாளத்தைவிட நாங்கள்தான் மேல் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேனா? இல்லை. அந்தப் பட்டியலைத் தோண்டத் தோண்ட வேறொரு கேள்வி வந்தது. பதக்கம் எங்கேயிருந்து வருகிறது?

நேபாளம் 2016இல் கவுகாத்தி, ஷில்லாங்கில் நடந்த விழாவில் வாங்கிய தங்கம் வெறும் 3. நான்கு வருடத்துக்குள் 51. அதே 2016இல் இலங்கை 25 தங்கம், 186 பதக்கத்தோடு இரண்டாமிடம். 2019இல் எங்களுக்கு 15 தங்கம் கூடியும் ஓர் இடம் இறங்கினோம். நேபாளத்தார் தங்கள் மண்ணில், தங்கள் பிள்ளைகள் நிறைந்து நிற்கும் கராத்தே, டைக்வொண்டோ மாதிரியான போட்டிகளுக்கு ஆட்களைத் தயார்செய்து இறக்கினார்கள். அவை எடைப்பிரிவு எடைப்பிரிவாகப் பிரிந்து பிரிவுக்கொரு தங்கம் தருபவை. பங்களாதேஷையும் பாருங்கள். அவர்கள் 2019இல் வாங்கிய 19 தங்கத்தில் 10 வில்வித்தையில் வந்தது. அங்கே இருந்ததே 10 தங்கம்தான். அத்தனையும் அவர்களுக்கு. இந்திய வில்வித்தைச் சங்கம் தடையில் இருந்ததால் இந்திய அணி வரவில்லை. கதவு திறந்திருந்தது, பங்களாதேஷ் தயாராக நின்றது. கிரிக்கெட்டில் ஆண்கள் இறுதியாட்டத்திலும் பெண்கள் இறுதியாட்டத்திலும் அவர்களிடமே நாங்கள் தோற்றோம், பெண்கள் வெறும் 2 ஓட்டத்தால். ஒரு நாடே உயிரை வைத்திருக்கும் விளையாட்டு, ஆண் பெண் இரண்டும் சேர்ந்தாலும் கிடைக்கக்கூடியது 2 தங்கம். வில்லும் அம்பும் 10.

எங்கள் 128 வெண்கலமும் என்னை யோசிக்க வைத்தது. மொத்தத்தில் பாதிக்கு மேல். குத்துச்சண்டை, ஜூடோ போன்றவற்றில் ஒரு பிரிவுக்கு இரண்டு வெண்கலம் கொடுப்பதால் எல்லா நாட்டுக்கும் வெண்கலம் கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனாலும் இந்தியாவின் 312இல் வெண்கலம் 45தான், தங்கம் பாதிக்கு மேல். எங்கள் பிள்ளைகள் மேடைவரை போய்விடுகிறார்கள். மேடையின் கடைசிப் படியில் நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டு படி ஏறத் தேவையானது திறமை இல்லை. அது ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. முழுநேரப் பயிற்றுநர், சத்துள்ள சாப்பாடு, தசைப்பிடிப்பைப் பார்க்க ஓர் ஆள், வருடத்துக்கு நான்கைந்து வெளிநாட்டுப் போட்டி. வெண்கலத்தைத் தங்கமாக்கும் செலவு, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து தங்கம் தேடும் செலவைவிடக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். மூன்றாவதாக வந்த பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இனி எங்கள் ஊரான திருகோணமலைக்கு வருகிறேன். அதற்கு முதலில் ஒரு கணக்கு.

பாரிஸ் ஒலிம்பிக்கில் மொத்தம் 329 தங்கம். அதில் தண்ணீரில் வெல்லக்கூடியவை எத்தனை என்று ஒருநாள் இரவு எண்ணினேன். நீச்சல் 35, திறந்த நீர் நீச்சல் 2, நீரில் பாய்தல் 8, கலை நீச்சல் 2, நீர்ப்பந்து 2, துடுப்புப் படகோட்டம் 14, பாய்மரப் படகோட்டம் 10, சிறுவள்ள ஓட்டம் 16, அலைச்சறுக்கு 2. கூட்டினால் 91. உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டு விழாவில் நான்கில் ஒரு தங்கத்துக்கு மேல் தண்ணீருக்குள்ளே கிடக்கிறது. பிரான்சுக்கு அந்த விழாவில் கிடைத்த 16 தங்கத்தில் 4, லியோன் மர்ஷான் என்ற ஒரே நீச்சல்காரர் தனியாக வென்றவை. உதைபந்தாட்டத்தில் ஓர் அணி முழுவதும் மாதக்கணக்காக உழைத்தாலும் பட்டியலில் ஏறுவது ஒன்றுதான்.

எங்களிடம் என்ன இருக்கிறது? மாலையானால் ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம். பக்கத்துக் கிண்ணியாவில் கேட்கவே வேண்டாம், பிள்ளை நடக்கத் தொடங்கினால் பந்துதான். மக்கெய்சர் விளையாட்டரங்கில் மெய்வல்லுநர். இவையெல்லாம் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? உதைபந்தாட்டம் இல்லாத கிண்ணியாவை என்னால் நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு, உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை முற்றத்தில் வைத்துக்கொண்டு, அந்த 91இல் ஒன்றைப் பற்றிக்கூட நாங்கள் ஊராகப் பேசுவதில்லை.

மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அடிக்கும்போது உப்புவெளிப் பக்கமும் டச்பேயும் சீறும். காலை வைக்க முடியாது. அதே நாளில் உட்துறைமுகத்தைப் போய்ப் பாருங்கள். சுற்றிவர மலையும் மேடும் காக்க, தண்ணீர் அசையாமல் கிடக்கும். எந்தப் பருவக்காற்றிலும் கப்பல் ஒதுங்கலாம் என்பதற்காகத்தானே போர்த்துக்கேயர் தொடங்கிப் பிரித்தானியர்வரை இந்த ஊருக்காக அடிபட்டார்கள்! துடுப்புப் படகோட்டத்துக்கு வேண்டியது 2,000 மீற்றர் நேர்கோடும் அலையில்லாத தண்ணீரும். கடற்படையும் துறைமுக அதிகாரசபையும் மனம்வைத்து ஒரு மூலையைக் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை பாடசாலைப் பிள்ளைகளுக்கு விட்டால் போதும். சின்ன வயதிலிருந்தே தோணியில் தண்டு வலித்துத் தோள் உரமேறிய பிள்ளைகள் இந்தக் கரையோரக் கிராமங்களில் ஏராளம்.

நீச்சலில் எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். 2024 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பாடசாலை மாணவன் ஒருவன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தான். அதே வருடம் இன்னொரு மாணவனும் கடந்தான். இரண்டு பேரும் பதின்ம வயதுப் பிள்ளைகள். முப்பது கிலோமீற்றருக்கு மேல், நீரோட்டத்தோடும் சொறிமுட்டையோடும் போராடிக்கொண்டு, மணிக்கணக்காகக் கை போட்டுப் போவது என்றால் என்ன என்று கடலில் நீந்தியவர்களுக்குத் தெரியும். வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போய்த் திரும்பி நீந்தினார். பிறகு 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போதே உயிரை விட்டார். அவருடைய காலத்தில் ஒலிம்பிக்கில் திறந்த நீர் நீச்சலே இல்லை. 10 கிலோமீற்றர் நீச்சலைச் சேர்த்தது 2008இல். ஆனந்தனுக்கு எந்தப் பதக்கப்பட்டியலிலும் இடமில்லாமல் போனது. இன்றைய பிள்ளைக்கு அப்படி இல்லை, ஒரு கதவு இருக்கிறது.

ஆனால் கடலில் நீந்தத் தெரிந்தால் மட்டும் தடாகத்தில் வெல்ல முடியாது. இதைக் கிட்ட நின்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கடலில் வளர்ந்த பையன் தலையை நிமிர்த்தி, எதிரே பார்த்துக்கொண்டு நீந்துவான். அலை வரும் திசை தெரிய வேண்டுமே. தடாகத்தில் அதுவே அவனைப் பின்னுக்கு இழுக்கும், இடுப்பு தாழ்ந்துவிடும். தொடக்க மேடையிலிருந்து பாய்வது, சுவருக்குக் கிட்ட வந்ததும் உடம்பைச் சுருட்டித் திருப்பிக் காலால் உதைப்பது, உதைத்த வேகத்தில் தண்ணீருக்கடியில் 15 மீற்றர்வரை மீன்போல் போவது, இதெல்லாம் கடல் கற்றுத்தராது. 100 மீற்றர் போட்டியில் வெற்றி தோல்வி அந்தப் பாய்ச்சலிலும் ஒரு திருப்பத்திலும் தீர்ந்துவிடும். அதற்கு 50 மீற்றர் தடாகமும் தினமும் நேரத்தோடு வரும் பயிற்றுநரும் வேண்டும். மத்தியூ அபேசிங்க 2016 தெற்காசிய விழாவில் வாங்கிய தங்கம் 7. நாடே வாங்கியது 25. நீச்சல் என்ற ஒரே கதவுக்குள்ளால் ஒருவர் எவ்வளவு அள்ளிக்கொண்டு வரலாம் என்று பாருங்கள்.

பதக்கம் கிடக்கட்டும் என்று நீங்கள் சொல்லலாம். குறிஞ்சாக்கேணியை நினையுங்கள். 2021 நவம்பரில் பாலம் கட்டும் வேலைக்காக ஓடவிட்ட படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் தண்ணீரில் போனார்கள். கிண்ணியா முழுக்கக் கதறியது. சுற்றிவரத் தண்ணீர் உள்ள மாவட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். எல்லாப் பிள்ளையும் நீந்தினால் அதில் பத்துப் பேர் வேகமாக நீந்துவார்கள், ஒருத்தி நாட்டுக்காக நீந்துவாள். நல்ல நீச்சல்காரர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் வருகிறார்கள்.

"சின்ன இடத்தில் இருந்து என்ன செய்ய?" என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 379,000. செயின்ட் லூசியா என்ற கரீபியன் தீவில் அதில் பாதிகூட இல்லை. அந்தத் தீவின் ஜூலியன் அல்பிரட் பாரிஸில் 100 மீற்றரில் தங்கமும் 200 மீற்றரில் வெள்ளியும் வாங்கினார். டொமினிக்காவில் சனத்தொகை ஒரு இலட்சத்துக்கும் குறைய, தியா லாபொண்ட் முப்பாய்ச்சலில் தங்கம் வாங்கினார். எல்லாக் காலத்துக்குமான ஒலிம்பிக் பட்டியலைத் தங்கத்தை வைத்து அடுக்கினால், அந்த ஒற்றைத் தங்கத்தோடு டொமினிக்கா இலங்கைக்கு மேலே நிற்கும். ஆனால் ஜூலியன் 14 வயதில் பயிற்சிக்காக ஜமேக்காவுக்குப் போனவர், பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகம். ஊர் சின்னதென்றால் பிள்ளையை அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மக்களுக்கும் அது புதிதல்ல. ஆசிய விளையாட்டு விழாவில் இந்த நாட்டுக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். டோக்கியோ, 1958, உயரம் பாய்தல், 2.03 மீற்றர். ஜகார்த்தாவில் 1962இல் வெள்ளி. ஹெல்சிங்கி, மெல்பேர்ண் ஒலிம்பிக்குகளில் பாய்ந்தவர். அமெரிக்காவில் படித்துக் கலாநிதியானவர். 2024இல் காலமானார். அவருடைய பெயர் தெரியாத பிள்ளைகள் எங்கள் பாடசாலைகளில் இருப்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. ஹாங்சோவில் 2023இல் 800 மீற்றரில் தங்கம் வாங்கிய தருஷி கருணாரத்னவும் கொழும்பின் பெரிய பாடசாலையில் உருவானவர் அல்ல. கண்டி மாவட்டத்துக் கிராமப் பக்கமான வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி அவருடையது. அங்கே பிள்ளைகளை விட்டுப் போகாமல் நின்ற ஒரு பயிற்றுநர் இருந்தார், சுசந்த பெர்னாண்டோ. ஆசிய விழாவின் மெய்வல்லுநரில் 2002க்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அந்தக் கல்லூரி மைதானத்திலிருந்து வந்தது.

நாடுகளின் பட்டியலை எல்லோரும் போடுகிறார்கள். மாவட்டப் பட்டியலை யாரும் போடுவதில்லை. அந்த 251 பதக்கத்தில் கிழக்கு மாகாணத்துக்கு எத்தனை, அதில் திருகோணமலைக்கு எத்தனை, எந்த விளையாட்டில், எந்தப் பாடசாலைப் பிள்ளை என்று ஒரே பக்கத்தில் எழுதி மாவட்டச் செயலகத்தின் மேசையில் வைத்தால், அடுத்த வருடத்துக் காசை எதில் போடுவது என்று பேச ஓர் ஆதாரம் இருக்கும். எந்தக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை என்பதும் அதில் தெரியும். நீச்சல், படகோட்டக் கட்டங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்தப் பக்கத்தை நானே தொடங்கிவிட்டேன். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, கந்தளாய், சேருவில, வெருகல், பட்டினமும் சூழலும் முதலாக ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் ஒரு வரி. தெற்காசிய, பொதுநலவாய, ஆசிய விழாக்கள் எதிலாவது, எந்த வருடமாக இருந்தாலும், தங்கமோ வெள்ளியோ வெண்கலமோ வாங்கிய எங்கள் மாவட்டத்தவரை உங்களுக்குத் தெரிந்தால், அவர்களுடைய சம்மதத்தோடு விளையாட்டு, ஆண்டு, படித்த பாடசாலை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மூன்றாவதாக வந்தவர்களை விட்டுவிடாதீர்கள்.